புறக்கோட்டைக் கந்தோரில் அக்சஸ்: நெட்வேர்க்கில் பல வருஷ அனுபவம்

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கந்தோர். பில், ஸ்டொக், கடன் கணக்கு எல்லாம் ஒரே மைக்ரோசொப்ட் அக்சஸ் (தரவுத்தள மென்பொருள்) பைலுக்குள். அதைப் பார்த்துக்கொள்வது பல வருஷமாக என் பொறுப்பு. அக்சஸை நெட்வேர்க்கில் போட்டால் உடையும் என்று சொல்லாத ஆளில்லை. எங்களுடையதும் உடைந்திருக்கிறது. ஆனால் தேடிப்போனால் பெரும்பாலும் குற்றவாளி வயரோ கரண்டோதான்.

எஸ்கியூஎல் சேர்வர் என்ற பெரிய தரவுத்தள மென்பொருள் என்றால் எழுதுகிற வேலையை சேர்வரே செய்யும். அக்சஸில் ஒவ்வொரு கொம்பியூட்டரும் பகிர்ந்த போல்டரில் உள்ள பைலைத் தானே திறந்து, 4 கிலோபைட் பக்கங்களாக எழுதுகிறது. எழுதும் நடுவில் தொடர்பு அறுந்தால் பைல் அரைகுறையாக நிற்கும்.

அதனால் முதல் வேலை பைலைப் பிரிப்பது. தரவு இருக்கும் டேபிள்கள் மட்டும் சேர்வரில். போர்ம் (பதியும் திரை), ரிப்போர்ட் எல்லாம் ஆளுக்கொரு பிரதியாக அவரவர் கொம்பியூட்டரில். பிரித்துத்தர அக்சஸிலேயே விசார்ட் உண்டு. தலையிடி பிறகுதான் வரும். 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 வீதமானது. வீதம் டேபிளில் இருந்ததால் ஒரே இடத்தில் மாற்றினோம். பில்லில் அச்சாகும் வாசகத்தைத் திருத்தியபோதோ புதுப் பிரதி எல்லா மெஷினுக்கும் போகவேண்டியிருந்தது. இப்போது ஐகனை அழுத்தினால் ஒரு சின்ன பேட்ச் பைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பைல்) புதுப் பிரதியை இழுத்து வந்து திறக்கிறது.

2022 மின்வெட்டுக் காலம்தான் பெரிய சோதனை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. எல்லா மேசையிலும் யூபிஎஸ் இருந்தும் பைல் கெட்டது. சுவரில் தொங்கிய நெட்வேர்க் சுவிட்ச் நேரே பிளக்கில்! கரண்ட் போனதும் கொம்பியூட்டர்கள் உயிரோடு, அவற்றுக்கிடையே பாதை மட்டும் இல்லை. சுவிட்சையும் சேர்வரோடு யூபிஎஸ்ஸில் போட்டதும் அந்தத் தொல்லை அநேகமாக நின்றது. செலவுக்குக் கிடைத்த பலனில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அடுத்தது வைஃபை, அதுவும் நடுவில் அறுந்துபோகும். "சும்மா பார்க்கத்தானே தம்பி" என்று முதலாளி லப்டொப்பைத் திறப்பார். பார்ப்பதற்கும் பைலைத் திறக்கத்தான் வேண்டும், லொக் பைலில் (யார் திறந்திருக்கிறார் என்று அக்சஸ் குறிக்கும் துணைப் பைல்) அவர் லப்டொப்பின் பெயரும் ஏறும். அவருக்கு ரிமோட் டெஸ்க்டொப் போட்டுக் கொடுத்தோம்: பைலைத் தொடுவது கேபிளில் உள்ள கந்தோர் மெஷின், லப்டொப்புக்கு வருவது திரை மட்டும்.

டேபிள் பைலை வன்டிரைவ் மாதிரி இணையத்தோடு சிங்க் ஆகும் போல்டரில் வைக்கவே வேண்டாம். 2018இல் விண்டோஸ் 10 இன் 1803 பதிப்புக்குப் பிறகு பைல் 'சீரற்ற நிலை'யில் இருப்பதாக அக்சஸ் செய்தி வந்தவர்களுக்கு, சேர்வரில் லீசிங் (பைலின் பகுதியைக் கொம்பியூட்டர்கள் தம்மிடம் வைத்திருக்க விடுவது) வசதியை நிறுத்துவது தற்காலிக வழியாக இருந்தது.

இரவில் எல்லோரும் வெளியேறியதும் லொக் பைல் மறைந்ததா என்று பார்த்து, பிரதி எடுத்த பிறகே கொம்பக்ட் அன்ட் ரிப்பேர் (பைலைச் சுருக்கிச் சீர்செய்யும் கட்டளை). ரிப்பேர் சிலவேளை கெட்ட பதிவைத் தூக்கி எறிந்துவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றுவதில்லை. ஸ்கேன் செய்த பில்களை உள்ளே போடுவதுமில்லை. அக்சஸ் பைலுக்கு 2 ஜிபிதான் எல்லை, படம் போல்டரில், பாதை மட்டும் டேபிளில்.

டேபிள்களை இலவச எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸுக்கு நகர்த்தும் பேச்சு இருக்கிறது. போர்ம்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பல குவெரிகளை (தரவைத் தேடி எடுக்கும் கட்டளைகள்) திருத்தவேண்டி வரும். ஸ்டொக் எடுப்பு முடியட்டும் என்று நிற்கிறோம்.