கண்ணாடிக்குள்ளே ஒரு திரை

படிக்கும் அறை ஜன்னலில் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே பிளைண்ட்ஸ் (பட்டைகளை அடுக்கிய ஜன்னல் மறைப்பு) வைத்துச் சீல் செய்த யூனிட் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாங்கியதற்கு முதல் காரணம் என் தும்மல். பழைய பிளைண்ட்ஸில் பட்டை பட்டையாகத் துணி வைத்துத் துடைத்தே ஒரு ஞாயிறு போய்விடும். இதில் தூசி உள்ளே போக வழியே இல்லை. ஆஸ்பத்திரிகளில் இதை விரும்பிப் போடுவதும் அதனால்தான். கயிறு தொங்காததால் குழந்தை கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

கண்ணாடிக்கு வெளியே, அறைப் பக்கம் ஒரு காந்தப் பிடி, உள்ளே அதற்கு ஜோடி. பிடியை நகர்த்தினால் அலுமினியப் பட்டைகள் திரும்பும். அவசரமாக இழுத்தால் ஜோடி பிரிந்து, பிடி மட்டும் கையோடு வந்துவிடும். முதல் தடவை உடைத்தேவிட்டேன் என்று நினைத்தேன்! பிடியைக் கோடிவரை கொண்டுபோய் மெதுவாகத் திருப்பினால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்கிறது.

முழுசாக ஏற்றினாலும் மேலே ஒரு கட்டாகப் பட்டைகள் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய வில்லங்கம் வேறு. ஓரச் சீல் விட்டுப்போனால் உள்ளே ஈரம் படியும். அப்போது பிளைண்ட்ஸை மட்டும் கழற்ற முடியாது, யூனிட்டையே மாற்ற வேண்டும். சீலுக்கு எத்தனை வருட வாரண்டி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.