லேசான நிமோனியா: அமாக்சிசிலினா, அசித்ரோமைசினா?

வீட்டிலிருந்தே சமாளிக்கக்கூடிய பாக்டீரியா நிமோனியாவுக்கு டாக்டர் எழுதும் மாத்திரை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. வேறு பெரிய நோயில்லாத பெரியவர் என்றால் என் ஓட்டு அமாக்சிசிலினுக்கே.

முதலில் அது லேசானதுதானா? மனக்குழப்பம் இருக்கக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 30-க்குக் கீழ், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் குறையாமல், கீழ் அழுத்தம் 60-க்கு மேல், வயது 65-க்குள் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலோ ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே போனாலோ மாத்திரைப் பட்டிமன்றம் வேண்டாம், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வசதியில் அசித்ரோமைசின்தான் முன்னே நிற்கிறது. முதல் நாள் 500 மி.கி., அடுத்த நான்கு நாள் 250 மி.கி., தினம் ஒரே வேளை. அமாக்சிசிலினோ 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 5 நாள்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது வசதியல்ல, நிமோகாக்கஸ். இந்த நோயில் முதலில் சந்தேகிக்க வேண்டிய கிருமி அதுதான். அசித்ரோமைசின் போய் ஒட்டும் இடத்தையே இக்கிருமி மாற்றிக்கொண்டுவிட்டால், அளவை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. அமாக்சிசிலின் சேர்ந்த பென்சிலின் வகைக்கு எதிரான எதிர்ப்பு அப்படியல்ல, படிப்படியாகக் கூடுவது. அளவைக் கூட்டினால் பெரும்பாலும் மடக்கிவிடலாம். 2019 அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு வேளைக்கு 1 கிராம் என்று சொல்வது இதனால்தான் (பிரிட்டனில் 500 மி.கி. போதும் என்கிறார்கள்). அதே வழிகாட்டுதல், அசித்ரோமைசின் வகைக்கு நிமோகாக்கஸின் எதிர்ப்பு 25 சதவீதத்துக்குக் கீழ் உள்ள இடங்களில் மட்டுமே அதைத் தனியாகக் கொடுக்கலாம் என்கிறது. பல நாடுகள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டன.

அமாக்சிசிலின் சறுக்குவது நேரத்தில். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுதான் அதன் பலம். ‘மூன்று வேளை’ என்றதும் காலை 8, மதியம் 1, இரவு 8 என்று சாப்பாட்டோடு போட்டால் இரவில் 12 மணி நேரம் இடைவெளி விழுகிறது. காலை 6, மதியம் 2, இரவு 10 சரியாக வரும். வெறும் வயிற்றிலும் போடலாம். இன்னொன்று: அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் என்ற துணை மருந்து சேர்ந்த மாத்திரை ‘பவர் அதிகம்’ என்பது நிமோகாக்கஸைப் பொறுத்தவரை கட்டுக்கதை. கூடுதலாகக் கிடைப்பது பேதிதான்.

அசித்ரோமைசினுக்கும் இடம் உண்டு. நிமோனியா தரும் இன்னொரு கிருமி மைக்கோபிளாஸ்மா. அமாக்சிசிலின் தாக்குவது கிருமியின் செல்சுவரை; இதற்குச் செல்சுவரே இல்லாததால் அமாக்சிசிலின் இதைத் தொடாது. இளவயதினருக்கு மெல்ல மெல்லக் கூடிவரும் வறட்டு இருமல் அந்தச் சந்தேகத்தைத் தரும். ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உண்மையான பென்சிலின் அலர்ஜி, அதாவது தடிப்பு, முக வீக்கம், மூச்சிழைப்பு வந்தவர்களுக்கும் மாற்று தேவை. வாந்தி, பேதி மட்டும் வந்திருந்தால் அது அலர்ஜியல்ல. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின் ஆபத்தாகலாம். அவர்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் 100 மி.கி. இருவேளை பொருந்தும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

எதைத் தொடங்கினாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டால் நாமாக அடுத்த ஆன்டிபயாடிக்குக்குத் தாவக் கூடாது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் போய் இருமல் மட்டும் ஆறு வாரம் வரை இழுத்தால், அதற்காக இன்னொரு கோர்ஸ் கேட்க வேண்டியதில்லை.