பெண் மருத்துவப் பேராசிரியர்களுக்கான இணையவழி வழிகாட்டுச் சேவை: ஆறு மாத அனுபவம்

மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியப் பணியிலும் ஆராய்ச்சியிலும் இருக்கும் பெண்களுக்காக இணையவழியில் நடத்தப்படும் ஒரு பணிவளர்ச்சி வழிகாட்டுச் சேவையில் சேர்ந்து, ஆறு மாதப் பயிற்சியைக் கடந்த மாதம் நிறைவு செய்தேன். இணைப் பேராசிரியராகப் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய பிறகும் பேராசிரியர் பதவிக்கான என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்ததே நான் இதில் சேர்ந்ததற்குக் காரணம். சேவையின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இதே வடிவத்தில் வேறு பல சேவைகளும் நடப்பதால், எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று சொல்வதே சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

மாதம் இருமுறை வேறொரு கல்லூரியைச் சேர்ந்த மூத்த பேராசிரியருடன் தனி உரையாடல், மாதம் ஒருமுறை குழுக் கூட்டம், தன்விவரக் குறிப்பையும் பரிந்துரைக் கடிதங்களையும் வரிவரியாகப் படித்துத் திருத்தும் வசதி, பதிவு செய்யப்பட்ட இருபது விரிவுரைகள் ஆகியவை இதில் அடங்கும்.

இவற்றில் என்னை மிகவும் உலுக்கியது பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிய பயிற்சி. ஒரு பெரிய அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணிக்காக வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை பிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா ஆகிய இருவரும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அந்தப் பயிற்சி தொடங்கியது. பெண்களுக்காக எழுதப்பட்ட கடிதங்கள் சராசரியாகச் சுருக்கமாக இருந்தன என்றும், ஐயத்தைக் கிளப்பும் சொற்கள் அவற்றில் கூடுதலாக இருந்தன என்றும், ஆண்களுடைய ஆராய்ச்சி பேசப்பட்ட இடத்தில் பெண்களுடைய கற்பித்தல் பேசப்பட்டது என்றும் அந்த ஆய்வு கண்டது. பிறகு எங்களுக்கு ஒரு வேலை தரப்பட்டது: நாங்களே இளைய ஆசிரியர்களுக்காக எழுதிய இரண்டு கடிதங்களை, ஒன்று ஆணுக்கும் ஒன்று பெண்ணுக்கும் எழுதியவற்றை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரே ஆண்டில் நான் எழுதிய இரு கடிதங்களை எடுத்தேன். அந்த இளைஞரைப் பற்றி, "சுயமாகச் சிந்திப்பவர், தம் துறையில் புதிய கேள்விகளை எழுப்பியவர்" என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி, "பொறுப்பானவர், நோயாளிகளிடம் கனிவானவர், எந்த வேலையைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்பவர், வாய்ப்பளித்தால் நன்கு வளர்வார்" என்று எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் முதலில் இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரைகள் அப்போது மூன்று இருந்தன, இளைஞருக்கு ஒன்றுதான். அந்த மூன்று கட்டுரைகளும் என் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் அடங்கியிருந்தன. என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர்கள்மீது எனக்கிருந்த மனக்குறையோடு இதில் சேர்ந்த நான், அன்றிரவு அந்தக் கடிதத்தை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். இந்தப் பயிற்சிக்காக மட்டுமே இதில் சேரலாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

அடுத்ததாக, வேலைநேரப் பதிவுத்தாள். கல்லூரியில் செய்யும் ஒவ்வொரு வேலையையும், அதற்கான நேரத்தையும், பதவி உயர்வுக் குழு அதைக் கணக்கில் கொள்ளுமா என்பதையும் எட்டு வாரங்கள் குறித்து வரச் சொன்னார்கள். கூட்டங்களில் குறிப்பெடுத்தல், மாணவர் நலக் குழு, பாடத்திட்டக் குழு, விடுப்பில் சென்றவரின் வகுப்புகளை ஏற்றல் எனக் கணக்கில் வராத வேலைகளுக்கு மட்டும் அறுபது மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. ஒன்பது பேர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் "யார் குறிப்பெடுப்பது?" என்ற கேள்வி எழுந்ததும் எல்லாப் பார்வைகளும் என் பக்கம் திரும்புவதை நான் அதுவரை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. "இந்தத் தாளை வைத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் பேசுங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டாம்" என்றார் என் வழிகாட்டி. பேசினேன். இப்போது குறிப்பெடுப்பது முறைவைத்துச் சுற்றி வருகிறது.

வழிகாட்டியைப் பொறுத்தவரை நான் கொடுத்து வைத்தவள். ஆலோசனை சொல்வதோடு நின்றுவிடாமல், ஒரு மாநாட்டு அமர்வுக்குத் தலைமை ஏற்கவும், ஓர் ஆய்விதழின் மதிப்பாய்வாளராகவும் அவரே என் பெயரை முன்மொழிந்தார். நாம் இல்லாத அறையில் நம் பெயரைச் சொல்லும் ஒருவர் இந்தத் தொழிலில் எவ்வளவு முக்கியம் என்பது ஆண்களுக்கு இளம் வயதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால், எங்கள் குழுவில் இன்னொருவருக்கு ஆறு மாதத்துக்குள் மூன்று வழிகாட்டிகள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

சேவையின் பலவீனமான பகுதி தன்னம்பிக்கை பற்றிய விரிவுரைகள். குரலை உயர்த்திப் பேசுவது, நிமிர்ந்து உட்காருவது, சாதனைகளைத் தயங்காமல் சொல்வது என்று நான்கு விரிவுரைகள் போகின்றன. இவை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால், சேவையின் வேறு விரிவுரைகளே காட்டும் சான்றுகளோடு இவை ஒட்டவில்லை. சுவீடனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வு உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் வழங்கிய முறையை கிறிஸ்டின் வென்னரஸ், ஆக்னஸ் வோல்ட் இருவரும் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். ஆணுக்கு இணையான மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு ஆய்வுத் திறனைக் காட்ட வேண்டியிருந்தது. கனடாவின் ஆராய்ச்சி நிதியுதவித் திட்டங்களைப் பற்றி 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. ஆய்வாளரின் தகுதியை முதன்மையாக எடைபோட்ட திட்டத்தில் பெண்கள் நான்கு சதவீதப் புள்ளிகள் பின்தங்கினார்கள். முன்வைக்கப்பட்ட ஆராய்ச்சியை எடைபோட்ட திட்டத்தில் அந்த இடைவெளி ஒரு புள்ளிக்கும் குறைவு. மதிப்பிடும் முறை மாறியதால் சுருங்கிய இடைவெளியைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து சுருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

ஊதியம் பற்றிய விரிவுரையும் இதே திசையில்தான் போகிறது. அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர்களைப் பற்றி ரேஷ்மா ஜக்சி தலைமையில் 2012-இல் வெளிவந்த ஆய்வில், சிறப்புத்துறை, பதவி, வேலை நேரம், வெளியீடுகள் அனைத்தையும் கணக்கில் கொண்ட பிறகும் ஆண்களின் ஆண்டு ஊதியம் 13,399 டாலர் கூடுதலாக இருந்தது. இதைக் காட்டிவிட்டு, பேரம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். ஊதிய விகிதம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட இடங்களில் பணிபுரிபவர்களுக்கு இதில் எதுவும் இல்லை.

அந்த நான்கு விரிவுரைகளின் நேரத்தை நிறுவனங்களை மாற்றிய முயற்சிகளுக்கு ஒதுக்கியிருக்கலாம். பாலினச் சமத்துவத்துக்காக உயர்கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்படும், பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய அதீனா ஸ்வான் சான்றைப் பற்றி ஒரே ஒரு விளக்கப்படம் காட்டினார்கள். 2011-இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த சாலி டேவிஸ், அரசின் குறிப்பிட்ட ஆராய்ச்சி நிதியைப் பெற விரும்பும் மருத்துவக் கல்விக்கூடங்கள் அந்தச் சான்றின் வெள்ளித் தகுதியை அடைந்திருக்க வேண்டும் என்று அறிவித்த பிறகே பல கல்விக்கூடங்கள் அதற்கு விண்ணப்பிக்கத் தொடங்கின. 2020-இல் அந்த நிபந்தனை விலக்கப்பட்டது. துறைத் தலைவர்களும் முதல்வர்களும் ஒருமுறையேனும் கலந்துகொள்ளும் அமர்வு இருந்தால், இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் கேட்டிருப்பார்கள்.

மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. எங்கள் குழுவில் ஒருவருக்கு மூன்றாவது மாதத்தில் குழந்தை பிறந்தது. மீதிப் பயிற்சியைச் சில மாதங்கள் தள்ளிவைக்க அவர் கேட்டபோது, இடைநிறுத்த விதிமுறையில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களில் பெண்கள் 41 சதவீதம், பேராசிரியர்களில் 25 சதவீதம், துறைத் தலைவர்களில் 18 சதவீதம் என்ற 2018-ஆம் ஆண்டுக் கணக்கை முதல் விரிவுரையிலேயே காட்டி, மகப்பேறுக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெண்கள் எப்படிப் பின்தங்குகிறார்கள் என்று விளக்கிய சேவை இது. அவர் வெளியேறினார்.

பதவி உயர்வு விண்ணப்பத்தை ஓராண்டுக்குள் அளிக்கவிருக்கும் இணைப் பேராசிரியர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சற்றுப் பொறுக்கலாம். பணம் கட்டுமுன், வழிகாட்டி இறுதிவரை மாறாமல் இருப்பாரா, இடையில் நிறுத்தித் தொடர முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்துமூலம் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.