தர்மபுரி பென்னாகரம் ரோடு சைக்கிள் கடை: டூருக்கு முன்னாடி பழைய ஹெர்குலஸை கொடுத்து பாத்தேன்

அப்பா ஓட்டின ஹெர்குலஸ், 28 இன்ச் வீல், ராடு பிரேக். இதுலயே ஒகேனக்கல்ல இருந்து பூம்புகார் வரைக்கும் காவிரியை ஒட்டியே போகணும்னு ரொம்ப நாள் ஆசை. கியர் சைக்கிள் வாங்கிக்கடான்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா இதுக்கு மேட்டூர், பவானி, முசிறி எங்க நின்னாலும் பார்ட்ஸ் கிடைக்கும், அந்த தெம்பு வேற எந்த வண்டியிலயும் வராது.

முதல்ல டவுன்ல ஒரு கடையில கொடுத்தேன். செயின்ல எண்ணெய் விட்டு நாலு நட்டை முறுக்கி ஓவராயில் முடிஞ்சுதுன்னு காசு வாங்கிட்டாங்க, பெடல் மாட்டியிருக்கற கிராங்க் கம்பியோட ஆட்டம் அப்படியே இருந்துச்சு. அப்புறம்தான் பென்னாகரம் ரோட்டுல இந்த அண்ணன் கடைக்கு போனேன். போர்டு கிடையாது, வெளிய பழைய ரிம் தொங்கும், அதான் அடையாளம்.

அண்ணன் கிராங்கை புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டினார், "எல்லாத்தையும் பிரிக்கணும் தம்பி, கூடவே உக்காந்து பாரு"ன்னுட்டார். கிராங்கை அச்சோட இறுக்கி வெக்கற காட்டர் பின்னை கழட்டுன விதம்தான் எனக்கு ரொம்ப புடிச்சது. நேரா சுத்தியல்ல போடல, கிராங்குக்கு அடியில ஒரு இரும்பு பைப் துண்டை முட்டு கொடுத்துட்டு அப்புறம்தான் அடிச்சார், முட்டு இல்லாம அடிச்சா அந்த அடி முழுக்க உள்ள இருக்கற பேரிங் குண்டுக்கும் அது உருளுற கப்புக்கும் போயிடுமாம். புது பின் போடறப்ப அதோட சாய்வை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவி, மாட்டி, ரெண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டுல வருதான்னு பாத்து, மறுபடி கழட்டி ராவினார். இந்த பொறுமை வேற யார்கிட்டயும் நான் பாத்ததில்ல.

பின் வீல் நடுவுல இருக்கற ஹப்புல ஒரு பக்கத்துக்கு கால் இன்ச் குண்டு 9 இருக்கும். மண்ணெண்ணெய்ல கழுவி, குண்டு உருளுற கோனை என் கையில கொடுத்து நகத்தை வெச்சு தடவ சொன்னார், சின்ன குழி ஒண்ணு நல்லா தட்டுப்பட்டுச்சு. அந்த கோனை மட்டும் மாத்துனார், முன் வீல் கோன் நல்லா இருக்கு, சும்மா எதுக்கு காசுன்னு கிரீஸ் மட்டும் வெச்சு மூடிட்டார். செயினுக்கு ஸ்கேல் வெச்சு காட்டினார், 24 கண்ணி சரியா 12 இன்ச் வரணும், என்னோடது அரைக்கால் இன்ச்சுக்கு மேலயே நீண்டிருந்துச்சு. அதனால செயினோட, பின் வீல் பல்சக்கரமான ஃப்ரீவீலும் சேத்து மாத்தியாச்சு, தேஞ்ச பல்லுல புது செயின் போட்டா மேட்டுல மிதிக்கறப்ப வழுக்கும். பின் வீல்ல 40 போக்ஸ் கம்பி, ஒவ்வொண்ணா சுண்டி சத்தம் கேட்டே எது லூஸுன்னு சொல்றார், துருப்புடிச்சதை மாத்தி கோட்டம் எடுத்தார். கேரியர் லோடு முழுக்க பின் வீல் மேலதான் உக்காரும், இந்த வேலையில காசு பாக்காதீங்க.

டயர், டியூப், கூலி எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து சொச்சம் ஆச்சு. பில் தர மாட்டார், கேட்டு எழுதி வாங்கிக்கங்க. டயர்ல சாய்ஸ் கம்மி, நல்லது வேணும்னா முன்னாடியே சொல்லி வைக்கணும். சொன்ன நாள்லயும் முடியல, ஒரு நாள் தள்ளிப் போச்சு. பெயிண்ட், பாலிஷ் எல்லாம் இவர்கிட்ட எதிர்பார்க்காதீங்க.

லோடு கட்டி பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலை எறக்கத்துல ஓட்டி பாத்தேன், புது பிரேக் கட்டை ரெண்டு பக்கமும் சமமா உக்காந்து புடிச்சுது, ஹேண்டில்ல ஒரு நடுக்கம் கூட இல்ல. ஆனா ஸ்டீல் ரிம்முங்க, மழையில நனைஞ்சா எவ்வளவு நல்ல கட்டை போட்டாலும் சட்டுனு புடிக்காது, எறக்கம் வர்றதுக்கு முன்னாடியே லேசா புடிச்சு ரிம் தண்ணியை தொடைச்சுக்கணும்னு அண்ணனே சொல்லி அனுப்பினார்.

போறவங்க டூருக்கு முந்தின நாள் கொண்டு போய் நிக்காதீங்க, ஒரு பத்து நாள் முன்னாடியே கொடுங்க. புது காட்டர் பின் கொஞ்ச தூரம் ஓடினதும் உள்ள உக்காந்து லூஸ் ஆகும், புது கம்பியும் அப்படித்தான். ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப கொண்டு போனா பின்னை ஒரு தட்டு தட்டி நட்டை டைட் வெச்சு கோட்டமும் பாத்து தர்றார், அதுக்கு காசு வாங்கல.