கட்டமா, கோடா, கொக்கியா? செட்டிநாட்டு வீட்டுக்கும் சீருக்கும் ஏற்ற பூத்தையல் எது

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணமோ, அறுபது, எண்பது நிறைவுக்குச் செய்யும் சாந்தியோ வரப்போகிறது என்றால், கைவேலை தெரிந்த பெண்களிடையே ஆறு மாதத்துக்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். இந்த முறை நம் கையால் என்ன செய்து கொடுப்பது என்பதே அந்தப் பேச்சு. இப்போது முன்னால் நிற்பவை மூன்று: கட்டம் எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிச், துணியில் படம் வரைந்து வளையத்தில் மாட்டிப் போடும் சாதாரணக் கை எம்பிராய்டரி, கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலை. மூன்றையும் பல ஆண்டுகளாகச் செய்து, பரிசாகக் கொடுத்து, கொடுத்தவை பிறகு என்ன ஆயின என்பதையும் அந்தந்த வீடுகளில் பார்த்திருக்கிறேன். எது அழகு என்று கேட்டால் மூன்றும் அழகுதான். ஆனால் அந்தப் பொருள் சுவரில் தொங்கப் போகிறதா, துவைக்கப்படப் போகிறதா, உடுத்தப்படப் போகிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டால், எதைத் தேர்வது என்ற குழப்பம் பாதி குறைந்துவிடும்.

கிராஸ் ஸ்டிச் நம் ஊருக்குப் புதிதன்று. எங்கள் வீட்டின் உள்முற்றமான வளவில், இரட்டைக் கதவுக்கு மேலே, தேக்குச் சட்டத்துக்குள் இன்றும் ஒரு கிளி ஜோடி இருக்கிறது. கீழே ‘நல்வரவு’ என்ற எழுத்து. ஐயா கொண்டுவிக்கப் போன, அதாவது வெளிநாட்டில் வணிகம் செய்த, இடத்திலிருந்து அனுப்பிய நூலில் அப்பத்தா போட்டது என்று வீட்டில் சொல்வார்கள். சட்டம் உளுத்துப்போய் மாற்ற வேண்டி வந்தபோது அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் மேலே கிடக்கும் கால் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது; ஒன்றுகூட மாறிச் சாயவில்லை. புரட்டினால் பின்பக்கத்தில் சிறு சிறு நேர்கோடுகள் மட்டுமே வரிசையாக நின்றன. முடிச்சு ஒன்றும் இல்லை, நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவிப் போகவும் இல்லை. நாங்கள் சிறுமிகளாக எதைத் தைத்துக்கொண்டு போனாலும் அப்பத்தா முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார். “பின்பக்கத்தைக் காட்டாத்தா” என்றுதான் கேட்பார். அதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. பின்னால் தொங்கும் நூல் வெளுத்த துணியில் நிழலாகத் தெரியும். முடிச்சு சட்டத்துக்குள் மேடு தட்டும்.

இந்தத் தையல் செட்டிநாட்டு வீட்டுக்குப் பொருந்துவதற்கு அதன் கணக்கே காரணம். நம் நடுவீட்டுக் கோலம் சதுரமும் முக்கோணமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த நேர்கோட்டுக் கோலம். கோடு நேராகவோ சரிபாதிச் சாய்வாகவோ போகும் இடமெல்லாம் கட்டத் துணி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் தரை ஓடும் அவ்வாறே. 8 அங்குல ஓடு ஒன்றை அதே அளவில் தைக்க விரும்பினால், அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணியில் 112 கட்டம் எடுக்கும். ஓட்டின் பூ நான்கு மூலைக்கும் ஒன்றாக இருப்பதால், 56 கட்டத்துக்கு ஒரு கால்பகுதியை மட்டும் கட்டத் தாளில் வரைந்துகொண்டால் போதும், மற்ற மூன்றும் அதைத் திருப்பிப் போடுவதுதான். அதே படத்தை அங்குலத்துக்கு 11 கட்டம் உள்ள துணியில் போட்டால் 10 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். துணி வாங்குமுன் இந்த வகுத்தலைச் செய்யாதவர்கள் சட்டம் வாங்கிய பிறகு வருந்துவார்கள்.

ஆனால் வளைவு வேண்டுமென்றால் கிராஸ் ஸ்டிச் கைகொடுக்காது. யாளியின் துதிக்கை, தாமரை இதழின் நுனி, பிள்ளையாரின் தொந்தி ஆகியவை சிறிய அளவில் படிக்கட்டாகத்தான் வரும். அடுத்த குறை நேரம். 112க்கு 112 என்றால் மொத்தம் 12,544 கட்டங்கள். பாதியை வெறுந்துணியாக விட்டாலும் ஆறாயிரத்துக்கு மேல் தைக்க வேண்டும். என் கைக்கு மணிக்கு ஏறத்தாழ 120 வரும். அப்படியானால் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து வாரம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இதைத் தொடங்குவது தையலுக்கும் நல்லதன்று, கண்ணுக்கும் நல்லதன்று.

துணியிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஐடா விறைப்பாக நிற்கும். துளை தெளிவாகத் தெரியும். சட்டத்துக்கு அதுவே நல்லது. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் நம்மில் பலரும் பிடித்துப் பழகிய மேட்டித் துணி அதைவிட மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. மேசை விரிப்புக்கும் சீர்த்தட்டு மூடுதுணிக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். அதன் கட்ட அளவு கடைக்குக் கடை மாறும் என்பதால், அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்தை எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். கண்டாங்கிச் சேலைத் துண்டில் போட வேண்டும் என்று பலருக்கும் ஆசை. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த ஆசை கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கைத்தறித் துணியில் பாவும் ஊடையும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. இழையை எண்ணித் தைத்தால் சதுரம் நீள்சதுரமாகி, கோலம் ஒரு பக்கமாக இழுத்தாற்போலத் தெரியும். அதற்கென்றே விற்கும் தளர்ந்த நெசவுக் கேன்வாஸைத் துணிமேல் வைத்துத் தைத்து, முடிந்ததும் ஈரப்படுத்தி அதன் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். பிள்ளையார் நோன்புக்குப் புதுத் துணியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 நாள் எடுத்துப் பழகிய கைகளுக்கு இந்த உருவும் வேலை சிரமமாக இருக்காது.

கண்டாங்கியில் தைக்க வேண்டும் என்பதே முடிவாக இருந்தால், இரண்டாவது வழியான சாதாரண எம்பிராய்டரியே நேர்வழி. இதில் எண்ணிக்கை இல்லை, கோடுதான் உண்டு. படத்தை வரைந்து, அடர்நிறத் துணியானால் மஞ்சள் கார்பன் வைத்துப் படியெடுத்து, காம்புத் தையலால் வரம்பு கட்டி, சங்கிலித் தையலாலோ சாட்டின் தையலாலோ உள்ளே நிரப்பி, மகரந்தத்துக்குப் பிரெஞ்சு முடிச்சு போட்டால் ஒரு தாமரை நான்கு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். வளைவு எப்படி வேண்டுமோ அப்படி வரும். கண்டாங்கியின் பெரிய கட்டங்களே எல்லை வகுத்துக் கொடுப்பதால் ஒரு கட்டத்துக்கு ஒரு பூ என்று வைத்துத் தலையணை உறை செய்யலாம். கடுகு மஞ்சள் துணியில் அரக்குச் சிவப்பு நூல் எடுத்துக் கொடுப்பதுபோல வெளுத்த துணியில் எந்த நிறமும் எடுத்துக் கொடுப்பதில்லை. பரிசு வாங்குபவரின் பெயரை அவர் கையெழுத்திலேயே படியெடுத்துத் தைப்பதும் இந்த முறையில்தான் முடியும். ஓர் ஆச்சியின் சாந்திக்கு அவர் தம் பேத்திக்கு எழுதிய கடிதத்திலிருந்து இரண்டு வரியை எடுத்துப் பின் தையலால் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

இதன் ஆபத்து நூலில் இருக்கிறது. சட்டத்துக்குள் போகும் தையலைப் பெரும்பாலும் யாரும் துவைப்பதில்லை. தலையணை உறை துவைக்கப்படும். ஒருமுறை, பெயரோ எண்ணோ இல்லாமல் எடைக்கு விற்ற சிவப்பு நூலை வாங்கி, ஒரு புதுமணத் தம்பதிக்கு இரண்டு உறைகள் செய்து கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி, பூவைச் சுற்றி வெளிர்சிவப்பாகப் படர்ந்துவிட்டது. அந்தப் பெண் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது உறை கண்ணில் படவில்லை என்பதை வைத்து நானே தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஆங்கர், டிஎம்சி போல எண்ணிட்ட நூல் அல்லாமல் வேறு வாங்குவதில்லை. அதையும் ஒரு சாண் நறுக்கி, நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே ஊசியில் கோப்பேன். டிஎம்சி 1746இல், இன்று பிரான்ஸில் உள்ள முலூஸ் நகரில் தொடங்கிய நிறுவனம். இரண்டு நூலுமே 8 மீட்டர் கண்டாக, ஆறு இழையாக வரும். இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் ஒரு கண்டு 24 மீட்டர் தையல் நூலாகிறது என்பதைக் கணக்கிட்டால், விலை கூடுதல் என்ற வருத்தம் குறையும்.

ஆரி வேலை இன்று தமிழ்நாடு முழுதும் கல்யாண ரவிக்கைகளில் பரவியிருப்பதால், பரிசு என்றாலே ஆரி என்று இளம்பெண்கள் நினைக்கிறார்கள். கட்ச் பகுதியில் தோலில் தைத்த மோச்சிகளின் கொக்கி ஊசியிலிருந்து வளர்ந்த கலை இது. துணியைச் சட்டத்தில் முரசுபோல இழுத்துக் கட்டி, இடக்கை அடியிலிருந்து நூலைக் கொடுக்க, வலக்கை மேலிருந்து கொக்கியால் அதை இழுத்துச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகும். படியெடுப்பதும் வேறு விதம்: தாளில் வரைந்த கோட்டின்மீது ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் புள்ளிகள் துணியில் இறங்கிவிடும். கை பழகிவிட்டால் வேகத்தில் மற்ற இரண்டும் இதன் அருகில் வரமுடியாது. சரிகை, ஜர்தோசி எனும் உலோகக் கம்பிச் சுருள், ஜம்கி எனும் மினுக்குத் தகடு, மணி என்று மினுங்கும் பொருளையெல்லாம் ஏற்கும். வெல்வெட்டில் ஆரி போட்ட ஆரத்தித் தட்டு விரிப்பு விளக்கொளியில் எப்படி இருக்கும் என்பதைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் சுவரில் மாட்டும் அலங்காரமாக ஆரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணியும் ஜர்தோசியும் எடை மிக்கவை. சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைத்த துணியைத் தளர்த்தித் தொங்கவிட்டால் இரண்டு மழைக்காலத்துக்குள் நடுப்பகுதி தொய்யும். ஜர்தோசிச் சுருளின் இடுக்கில் தூசி சேர்ந்தால் துவைக்கவும் முடியாது, துடைக்கவும் முடியாது. சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியைச் சரியாகப் பூட்டாவிட்டால், ஒரு குழந்தையின் நகம் பட்டு இழுத்ததில் ஒரு வரிசை முழுதும் கழன்று வந்துவிடும். சரிகையைப் பாச்சை உருண்டையோடு பெட்டியில் வைத்தால் கறுக்கும். எனவே ஆரி, உடுத்தும் பொருளுக்கும் விசேஷ நாளில் எடுத்துப் பிறகு பத்திரப்படுத்தும் பொருளுக்கும் உரியது. கற்பதற்கும் ஆள் வேண்டும். மற்ற இரண்டைப்போல ஒரு மதியத்தில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கற்றுக்கொண்டுவிட முடியாது.

நம் ஊர் மணி வேலையும், கொட்டான் எனும் பனையோலைக் கூடையைச் சுற்றிப் பின்னும் குரோஷாவும் இந்த ஒப்பீட்டுக்குள் வாராதவை. கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு வந்தது. அதே ஆண்டு அதைப் பெற்ற நீலகிரித் தோடர் பூத்தையலை மட்டும் இங்கே நினைக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் படம் வரையாமல் இழை எண்ணிப் போடும் தையல். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே வைத்து அவர்கள் செய்வதைப் பார்த்தால், பத்து நிறம் வாங்கிக் குவிக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஆண்டில் சில வாரங்களே திறந்திருக்கின்றன. மற்ற நாளெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் ஐப்பசி, கார்த்திகை ஈரம் தங்கும். இராமபாணப் பூச்சி கஞ்சி போட்ட துணியைத் தேடி வரும். ஆகவே சட்டத்துக்குள் வைக்கும் துணியைக் கஞ்சி நீங்க அலசி, குப்புறப் போட்டு இஸ்திரி செய்து, அட்டையின் பின்னால் நூலால் இழுத்துக் கட்ட வேண்டும். பசையால் ஒட்டக் கூடாது. கண்ணாடி தையலைத் தொடாமல் இருக்க ஓரத்தில் மெல்லிய கட்டை வைக்கச் சொல்லுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் பூச்சு பொருக்காகப் பெயரும். ஏற்கெனவே படங்கள் தொங்கும் மரச் சட்டத்தில் மாட்டுவதே வீட்டுக்கும் நல்லது. வளவின் வெயில் நேராக விழும் பக்கத்தைத் தவிர்த்தால் நிறம் நெடுநாள் நிற்கும். இத்தனையையும் தாங்கி நிற்பது கிராஸ் ஸ்டிச்தான் என்பது என் முடிவு. எங்கள் வீட்டுக் கிளிகளே அதற்குச் சாட்சி. பச்சை சற்று வெளுத்திருக்கிறதே தவிர, ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை.

ஆனால் பரிசு பெறுபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ சிறிய வீட்டில் இருப்பவரானால் என் பதில் மாறும். அவர்களுக்குச் சட்டம் சுமை; கண்டாங்கியில் கோட்டுத் தையல் போட்ட உறையோ மேசை நடுவே விரிக்கும் நீளத் துணியோ பெட்டியில் மடிந்து போகும், நாள்தோறும் கைபடும். மணப்பெண்ணுக்கானால் ஆரி, அதையும் ரவிக்கையிலோ ஆரத்தி விரிப்பிலோ மட்டும்.

வரும் தை மாதம் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாந்தி இருக்கிறது. அவர்கள் ஊர் வீட்டைத் திறந்து குடிவரப் போகிறார்கள் என்பதால், அவர்கள் முகப்பில் பதித்திருக்கும் ஓட்டின் பூவையே 112 கட்டத்தில் தொடங்கியிருக்கிறேன். நூலின் எண்களையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி, மிச்ச நூலை ஓர் உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னால் வைத்துக் கொடுப்பதாக எண்ணம். என்றாவது ஒரு கட்டம் அறுந்தால் அந்த வீட்டுப் பெண் அதே நிறத்தில் எடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.