பிள்ளைகளோடு மொரோக்கோ சந்தை: மராக்கேஷா, ஃபெஸ்ஸா?

ஒரே ஒரு பழைய சந்தைக்குத்தான் நாள் இருக்கிறது என்றால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு ஃபெஸ்ஸுக்கு. சாமான்களில் பெரிய வித்தியாசம் கிடையாது. தோல் செருப்பு, விளக்கு, மசாலா, கம்பளம் எல்லாம் இரண்டு ஊரிலும் உண்டு, பேரமும் உண்டு. வித்தியாசம், சந்துக்குள் நம் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதில்.

மராக்கேஷில் வருவது மொபெட். நெரிசலிலும் வேகம் குறையாது. விளக்கு ஒன்றைப் பார்த்ததும் பிள்ளை சட்டென்று ஓரடி பக்கவாட்டில் நகரும். அடிபடுவது அந்த ஓரடியில்தான். சுவரோரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்து, கடை பார்க்க வேண்டுமானால் முழுக் குடும்பமும் உள்ளே ஏறி நின்றுவிடுவது நல்லது. கூரை போட்ட தெருக்களில் புகையும் தேங்கும்.

ஃபெஸ்ஸின் பழைய நகரமான ஃபெஸ் எல் பாலியின் சந்துகளில் சுமை போவது கோவேறு கழுதையிலும் கைவண்டியிலும். ஓட்டுபவர் "பலாக்! பலாக்!" என்று கத்திக்கொண்டே வருவார், வழிவிடு என்று அர்த்தம். சத்தம் முன்னால் வரும், கழுதை பின்னால் வரும், ஒதுங்க நேரம் கிடைக்கும். ஆனால் மூட்டை இருபுறமும் புடைத்திருக்கும், சிறுபிள்ளையின் முகம் சரியாக அந்த உயரத்தில். பிள்ளையைச் சுவர்ப்பக்கம் விட்டு நீங்கள் வெளிப்பக்கம் நில்லுங்கள்.

பாப் பூ ஜெலூத் நீல வாசலில் நுழைந்து தலா கெபீரா தெரு வழியே இறங்கினால், செம்புப் பாத்திரம் தட்டும் செஃபாரின் சதுக்கம் வரை இறக்கம்தான். அதே வழியில் திரும்பி ஏறினால் பிள்ளைகள் அழும். பக்கத்தில் உள்ள ர்சீஃப் சதுக்கத்துக்கு நடந்து டாக்சி பிடியுங்கள். சிறிய டாக்சியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். நால்வர் என்றால் இரண்டு டாக்சிக் கணக்கு. சுவாரா என்ற இடத்தில் உள்ள தோல் பதனிடும் தொட்டிகளைப் பொதுவாகத் தோல்கடை மாடியிலிருந்துதான் பார்ப்பார்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நாற்றத்துக்கு வாசலில் புதினாக் கொத்து தருவார்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும்.

தள்ளுவண்டிக் குழந்தையோ முட்டிவலிக்காரப் பாட்டியோ கூட வந்தால் என் தீர்ப்பு மாறலாம். ஃபெஸ்ஸின் சரிவிலும் படியிலும் தள்ளுவண்டி வெறும் சுமை. மராக்கேஷ் பெரும்பாலும் சமதளம். மாலையில் ஜமா எல் ஃப்னா சதுக்கமும் கூடுதல் வரவு. அங்கே குரங்கையோ பாம்பையோ படமெடுக்கும் முன் காசைப் பேசிவிடுங்கள். குரங்கைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டுத்தான் விலையே சொல்வார்கள்.