உதகைக் குளிருக்கு எந்த பேட்டரி: லித்தியமா, சோடியமா?

உதகையை அடுத்த தலைக்குந்தாவில் ஜனவரி விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, சோலார் விளக்குக் கம்பத்தின் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிக்கும் அதே குளிர்தான். அது சூடேறுவதற்கு முன்பே வெயில் பட்ட தகடு சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடுகிறது. இன்று இத்தகைய விளக்குகளில் பரவலாக இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற லித்தியம் பேட்டரி வகை. அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்எனஃப் குழுவினர் 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து காப்புரிமை பெற்றது. எளிதில் தீப்பிடிக்காது, நெடுநாள் உழைக்கும். ஆனால் பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால், லித்தியம் அயனிகள் பேட்டரியின் எதிர்மின்வாயான கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடுகின்றன; அப்படி இழந்த கொள்ளளவு பெரும்பாலும் திரும்பாது.

சோடியம் அயனி பேட்டரி இங்கேதான் முந்துகிறது. சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்திய கலம், மைனஸ் 20 டிகிரியிலும் 90 சதவீதத்துக்கு மேல் கொள்ளளவைத் தக்கவைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோ எடைக்கு அது சேமிக்கும் ஆற்றல் 160 வாட்-மணிதான் என்பதால் கைப்பேசிக்கு லித்தியமே பொருந்தும். கம்பத்து விளக்குக்கு எடை ஒரு பொருட்டல்ல. பர்லியாறு போன்ற வெப்பமான தாழ்ந்த மலைச்சரிவில் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டே போதும்; உதகையில் வெளியே வைப்பதற்கு, விலை ஒத்துவந்தால், நான் சோடியத்தையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் அதன் மின்னழுத்த வீச்சு அகலமானது என்பதால் தகட்டிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும், அதற்கேற்ற சார்ஜ் கன்ட்ரோலரையும் கேட்டு வாங்க வேண்டும்.